1981 ஹைலக்ஸ்: ஸ்டியரிங்கில் நாலு விரல் ஆட்டம், பாக்ஸ் போச்சா?

தவுங்கூ லைன்

வண்டி 1981 டொயோட்டா ஹைலக்ஸ், டூ வீல் டிரைவ், டீசல், பவர் ஸ்டியரிங் கிடையாது. ஸ்டியரிங் வலது பக்கம். பின்னால் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு, பர்மாவில் லைன் காராக (ஆள் ஏற்றும் வண்டியாக) ஓடுகிறது.

கோளாறு இதுதான். சக்கரம் நேராக நிற்கும்போது ஸ்டியரிங் நாலு விரல் அகலத்துக்குச் சும்மா ஆடுகிறது. முப்பது மைலைத் தாண்டினால் ரோட்டில் அலைகிறது. காலி வண்டியில் ரொம்ப மோசம், ஆள் ஏறினால் கொஞ்சம் அடங்குகிறது. கையை விட்டால் வலது பக்கம் ஓரத்துக்கு இழுக்கிறது. ஒரு பட்டறையில் ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங்கின் கியர் பெட்டி) மேல் இருக்கும் ஸ்க்ரூவை முடுக்கிக் கொடுத்தார்கள். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. ஆனால் இப்போது திருப்பத்தில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை, கையால் இழுக்க வேண்டியிருக்கிறது. பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பெகு பட்டறை

பாக்ஸை இப்போது தொடாதீர்கள். முதல் வேலையாக அந்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் தளர்த்திவிடுங்கள். நீங்கள் எழுதியதில் நாலு தனித்தனிக் கோளாறு கலந்திருக்கிறது. அலைவது ஒன்று, ஆட்டம் ஒன்று, இழுப்பது ஒன்று, திரும்பி வராதது ஒன்று. கடைசியாகச் சொன்னதை உண்டாக்கியது அந்த ஸ்க்ரூதான்.

முதலில் ஆட்டம் எங்கே என்று பாருங்கள். ஜாக்கி வேண்டாம், நாலு சக்கரமும் தரையில் இருக்கட்டும், இன்ஜின் ஆஃப். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் இரண்டு அங்குலம், அந்தப் பக்கம் இரண்டு அங்குலம் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வையுங்கள், பாதி விரல் ஒரு பாகத்திலும் பாதி அடுத்த பாகத்திலும் படும்படி. கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் ஆட்டமும் விரலுக்குத் தெரியும். வரிசை: ஸ்டியரிங் ஷாஃப்ட் கப்ளிங், பாக்ஸை சேசிஸில் பிடித்திருக்கும் போல்ட், பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வரும் கை), ரிலே ராட் (நடுக் கம்பி) இரண்டு முனை, ஐட்லர் ஆர்ம் (ரிலே ராடின் மறு முனையைத் தாங்கும் கை), உள் டை ராட் எண்ட் இரண்டு, வெளி டை ராட் எண்ட் இரண்டு (டை ராட் என்பது ரிலே ராடிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி).

பாக்ஸ் போல்ட்டைப் பார்க்கும்போது சேசிஸ் தகட்டையும் துணியால் துடைத்துப் பாருங்கள். துளையைச் சுற்றித் துருக்கோடு மாதிரி ஒரு மெல்லிய கீறல் தெரிந்தால் அது விரிசல். ஸ்டியரிங்கை ஆட்டும்போது பாக்ஸ் முழுசாக அசைகிறதென்றால் பாக்ஸுக்கு உள்ளே எதைச் செய்தும் பயனில்லை.

பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் பக்கம்.

ஆட்டத்துக்கு டொயோட்டா வைத்த எல்லை, ஸ்டியரிங் விளிம்பில் அளந்தால் 30 மில்லி. உங்கள் நாலு விரல் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஒரே மூட்டில் அவ்வளவும் இருக்காது, நாலைந்து இடத்தில் பங்கு போட்டிருக்கும்.

ஜியாவாடி

அண்ணே, பாக்ஸ் ஸ்க்ரூவைத் தளர்த்தச் சொல்கிறீர்கள். அது ஆட்டத்தை எடுக்கத்தானே வைத்திருக்கிறார்கள்? எல்லாரும் அதைத்தான் முடுக்குகிறார்கள்.

பெகு பட்டறை

முடுக்கத்தான் வைத்திருக்கிறார்கள் தம்பி, நேர் நிலையில் மட்டும். இந்த வகை பாக்ஸில் வார்ம் ஷாஃப்ட் (ஸ்டியரிங்கோடு சுற்றும் திருகுத் தண்டு) மேல் ஒரு நட் ஓடுகிறது, இரண்டுக்கும் நடுவே குண்டுகள் சுற்றி வருகின்றன. நட்டின் பல், செக்டர் ஷாஃப்டின் (பிட்மேன் ஆர்மைத் திருப்பும் தண்டின்) பல்லைத் தள்ளுகிறது. சக்கரம் நேராக இருக்கும் இடத்தில் மட்டும் பல் இறுக்கமாகக் கவ்வும்படியும், இரு பக்கம் திரும்பத் திரும்ப லேசாக இடைவெளி வரும்படியும் செய்திருக்கிறார்கள். வண்டி ஆயுளில் பெரும்பகுதி நேராகவே ஓடுவதால் தேய்வதும் அந்த நடு இடம்தான். தேய்ந்த நடுவுக்குத் தகுந்தபடி முடுக்கினால், தேயாத இரு பக்கமும் இறுகிக்கொள்ளும். தவுங்கூக்காரர் வண்டியில் ஸ்டியரிங் திரும்பி வராதது அதனால்தான். அப்படியே ஓட்டினால் செக்டர் பல்லே உதிரலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, பாதிப் பேர் கவனிப்பதில்லை. அலைன்மெண்ட் (முன் சக்கரங்களின் கோணம்) பார்த்தபின் ஸ்டியரிங் கோணலாக நின்றால் சில இடங்களில் ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றிப் பல் மாற்றி நேராக மாட்டிவிடுகிறார்கள். பார்க்க நேராக இருக்கும், ஆனால் உள்ளே பாக்ஸ் நடுவில் இருக்காது. வண்டி நேராகப் போகும்போது பாக்ஸ் தன் தளர்ந்த பகுதியில் நிற்கும். நல்ல பாக்ஸ்கூட அப்போது ஆடும். சோதிக்க ரிலே ராடைப் பிட்மேன் ஆர்மிலிருந்து பிரித்துவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாகச் சுற்றி எண்ணுங்கள். அதில் பாதி தூரம் திரும்பி வந்தால் அதுதான் உண்மையான நடு. முனையில் போய் இடிக்க விடாதீர்கள், குண்டு திரும்பி வரும் குழாய் நசுங்கும். நடுவில் ஸ்டியரிங் நேராக இல்லையென்றால் ஸ்டியரிங் சக்கரத்தை நேராக மாட்டிவிட்டு, சாலையில் நேராகப் போவதற்கான திருத்தத்தை டை ராடில் செய்ய வேண்டும், ஒரு பக்கம் நீட்டிய அளவு மறு பக்கம் குறைத்து.

தவுங்கூ லைன்

பார்த்தாச்சு. பாக்ஸ் போல்ட் இறுக்கம், சேசிஸில் விரிசல் இல்லை. ஐட்லர் ஆர்ம் மேலும் கீழும் நன்றாகவே ஆடுகிறது, லீவர் போட்டால் 4 மில்லி இருக்கும். வலது வெளி டை ராட் எண்ட், வலது உள் டை ராட் எண்ட் இரண்டும் போயிருக்கிறது. இடதில் வெளியே மட்டும் லேசாக. வீல் பேரிங் இரண்டிலும் கொஞ்சம். பால் ஜாயிண்ட் பரவாயில்லை. நீங்கள் சொன்னபடி எண்ணினால் ஸ்டியரிங் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக நடுவை விட்டு விலகி நிற்கிறது.

பெகு பட்டறை

அப்படியானால் பாதி பதில் கிடைத்துவிட்டது. வலது பக்கம் முதலில் போவது இங்கே வழக்கம்தான். 1970ல் பர்மா சாலையின் வலது பக்க ஓட்டத்துக்கு மாறியபின் ஓரத்துக் குழியை வாங்குவது வலது சக்கரம், நம் ஜப்பான் வண்டிகளில் பாக்ஸும் அந்தப் பக்கம்தான். ஐட்லர் இடது சேசிஸில் இருக்கிறது, அது போவது வேறு காரணம்: கிரீஸ் பார்க்காதது.

கழற்றும் வரிசை. காட்டர் பின்னை எடுத்து நட்டை முழுசாகக் கழற்றாமல் இரண்டு மூன்று மரை விட்டு நிறுத்துங்கள். டேப்பர் (கூம்பு) துளை இருக்கும் காதின் இரு பக்கமும் ஒரே சமயத்தில் இரண்டு சுத்தியலால் அடித்தால் மூட்டின் பின் (கூம்புத் தண்டு) விட்டுக்கொடுக்கும். கவட்டை ஆப்பு அடித்தால் ரப்பர் கிழியும், தூக்கி எறியப் போகும் மூட்டுக்கு மட்டும் அது. பிட்மேன் ஆர்முக்குப் புல்லர்தான். ஷாஃப்ட் முனையில் சுத்தியல் பட்டால் அந்த அடி செக்டர் வழியாகக் குண்டுக்கும் வார்முக்கும் போகும், தடத்தில் சின்னச் சின்னப் பள்ளம் விழும். கழற்றுமுன் ஆர்முக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்து உளியால் ஒரு கோடு.

டை ராட் எண்டைக் கழற்றுமுன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதுங்கள். ஒரு முனை வல மரை, மறு முனை இட மரை. புதியதைப் போடும்போது இரு முனையும் குழாய்க்குள் ஏறத்தாழ சம அளவு போயிருக்க வேண்டும்.

லேத் மேசை

ஐட்லர் புஷ் பற்றி நான் சொல்கிறேன். கழற்றிய பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். ரப்பர் புஷ் என்றால் புதிய ரப்பர்தான், அதற்கு லேத் வேலை கிடையாது. மாட்டும்போது சக்கரம் நேராக இருக்கையில் நட்டை இறுக்க வேண்டும். ஒடித்த நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியை எப்போதும் ஒரு பக்கம் தள்ளும்.

கிரீஸ் போடும் வகை என்றால் முதலில் ஷாஃப்டை மைக்ரோமீட்டரால் மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு தடவை அளக்கணும். முட்டை வடிவம் 0.05 மில்லிக்கு மேல் போனால் புதிய புஷ் போட்டும் பயனில்லை, ஷாஃப்டைக் கடைந்து சமன்செய்து புஷ்ஷை அந்த அளவுக்குத் துளைக்க வேண்டும். புஷ் பாஸ்பர் பிரான்ஸ். ஹவுசிங்கில் ஏறும்போது 0.03 முதல் 0.05 வரை இறுக்கம் வைக்கிறேன், ஏறியபின் உள்துளை சுருங்கும், ஆகவே ரீமர் எப்போதும் ஏற்றியபின்தான். ஷாஃப்டுக்கு இடைவெளி 0.04 முதல் 0.08. இரண்டு புஷ் இருந்தால் நீள ரீமரால் ஒரே ஓட்டமாக ஓட்டணும், தனித்தனியாக ஓட்டினால் ஒரே கோட்டில் நிற்காது. உள்ளே ஒரு சுருள் பள்ளம், நிப்பிள் துளை அந்தப் பள்ளத்தில் திறக்கணும். நிப்பிள் துளையை மறைத்துப் புஷ்ஷை அடித்துவிட்ட ஐட்லர் நிறைய வருகிறது. கிரீஸ் பம்ப் அடித்தால் எதிர்க்கும், உள்ளே ஒரு சொட்டும் போகாது.

வெள்ளை நைலான் கம்பியில் கடைந்து போடச் சொல்லிக் கேட்பார்கள், மலிவு என்று. நைலான் தண்ணீரைக் குடித்து ஊதும். கோடையில் சரியாகக் கடைந்த புஷ் ஆடி மழையில் ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்தான் வேண்டுமென்றால் அசெட்டல், அது தண்ணீரை மிகக் குறைவாகவே இழுக்கும்.

ஜியாவாடி

டை ராட் எண்டைப் புதிதாக வாங்குவதைவிட, தலையைத் திறந்து உள்ளே தகடு வைத்து அடைத்துக் கொடுக்கிறார்களே, அது ஓடாதா?

லேத் மேசை

என் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். குண்டு முட்டையாகத் தேய்ந்திருக்கும், தகடு வைத்து அமுக்கினால் நேரில் இறுகும், ஒடித்தால் பிடிக்கும். அடைத்த விளிம்பு ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இரும்பு. அது விட்டால் மூட்டின் பின் வெளியே வரும், சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். அதே காரணத்துக்காக டை ராட், பிட்மேன் ஆர்ம், நக்கிள் ஆர்ம் எதிலும் வெல்டிங் வேண்டாம், காய்ச்சி நிமிர்த்தவும் வேண்டாம்.

புதியது வாங்கும்போது டேப்பரைப் பாருங்கள். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. மூட்டின் பின்னில் நீளவாக்கில் மார்க்கர் பேனாவால் நாலு கோடு போட்டு, காதில் நுழைத்துக் கையால் அழுத்தி அரைக் கால் சுற்றுத் திருப்பி எடுங்கள். கோடு மேலிருந்து கீழ் வரை முக்கால் பாகமாவது அழிந்திருக்கணும். மேலே மட்டும் அல்லது கீழே மட்டும் அழிந்தால் அளவு வேறு. நட்டை இறுக்கியபின் காட்டர் பின் துளை நட்டின் பள்ளத்துக்கு மேலே தெரிந்தாலும் அதே சந்தேகம்: மூட்டின் பின் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது.

பெகு பட்டறை

நட்டுக்கு வரும்போது ஒன்று: வெளி டை ராட் எண்டுக்கு சுமார் 9 கிலோகிராம்-மீட்டர் டார்க் (இறுக்கும் முறுக்கு விசை), பிட்மேன் ஆர்முக்கு சுமார் 18. இறுக்கியபின் காட்டர் துளை நேராக வராவிட்டால் மேலும் இறுக்கி நேராக்குங்கள். தளர்த்தி நேராக்குவது கூடவே கூடாது, டேப்பர் உள்ளே ஆட ஆரம்பிக்கும்.

வீல் பேரிங்: கிரீஸ் மாற்றி, ஹப்பைச் சுற்றிக்கொண்டே சுமார் 3.5 கிலோகிராம்-மீட்டருக்கு இறுக்கி, பிறகு கையால் தளரும் வரை விட்டு, திரும்பக் கை பலத்துக்கு மட்டும் இறுக்கிப் பூட்டுங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் டோ (இரு முன் சக்கரமும் முன்பக்கம் எவ்வளவு குவிகிறது என்ற) அளவே பொய்.

மோல்மீன் சாலை

இதே மாடல்தான் இங்கேயும். பாக்ஸ் கீழ் சீலில் ஒழுகுகிறது. ஆயில் நிற்பதில்லை என்று கிரீஸ் அடைத்து ஓட்டுகிறார்கள். அது சரிதானா? பாக்ஸைத் திறந்தால் எதைப் பார்ப்பது?

பெகு பட்டறை

கெட்டி கிரீஸ் வேண்டாம். நட் ஒருமுறை ஓடியதும் கிரீஸ் ஓரத்துக்கு ஒதுங்கி நின்றுவிடும், திரும்ப வழிந்து வராது, குண்டு வறண்டு ஓடும். 90 கியர் ஆயில், ஜி.எல்.4. ஒழுகினால் சீலை மாற்றுவதுதான் வழி.

சீல் ஏன் ஒழுகுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் செக்டர் ஷாஃப்ட் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடுவதால்தான். பிட்மேன் ஆர்மை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், ஷாஃப்ட் அசைந்தால் புதிய சீலும் ஒரு மழைக்காலம் தாங்காது. புஷ் மாற்றிவிட்டு சீல். பழைய சீல் உதடு ஷாஃப்டில் பள்ளம் போட்டிருந்தால், இடம் இருக்கும்பட்சத்தில் புதிய சீலை 2 மில்லி தள்ளி உட்கார வையுங்கள், உதடு புது இடத்தில் ஓடும்.

திறக்கும்போது வார்மை நடுவில் நிறுத்தினால்தான் செக்டர் வெளியே வரும். மேல் மூடியின் போல்ட்டை எடுத்தபின் அந்த ஸ்க்ரூவையே உள்பக்கம் திருகினால் மூடி தானே எழும்பும். வெளியே வந்ததும் ஸ்க்ரூ தலைக்கும் ஷாஃப்டின் பள்ளத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள், 0.05 மில்லிக்கு மேல் இருந்தால் தடித்த ஷிம் (இடைத் தகடு) போடணும். ஸ்க்ரூவை எவ்வளவு சரியாக வைத்தாலும் இந்த ஒன்றால் ஆட்டம் திரும்ப வரும்.

வார்ம், நட் இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்காதீர்கள். ஷாஃப்டைச் செங்குத்தாகப் பிடித்தால் நட் தன் கனத்திலேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டு இறங்கணும். முனையில் இடிக்குமுன் கையால் பிடியுங்கள். தலைகீழாக்கி இன்னொரு முறை. நடுவில் தயங்கினாலோ கரகரத்தாலோ தடம் பள்ளமாகிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் வார்மின் நடுத் தடத்தில் குண்டு உட்கார்ந்த இடம் மங்கலாகத் தெரியும், நகத்தால் இழுத்தால் தட்டும். அந்தப் பாக்ஸுக்கு வேறு வார்ம் செட்தான். பெரிய குண்டு போடச் சொல்பவர்கள் உண்டு. தேய்ந்தது நடு மட்டும், முனைகள் தேயவில்லை, பெரிய குண்டு அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளும்.

லேத் மேசை

கூட்டும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் செக்டர் இல்லாமல் வார்ம் பேரிங்கை மட்டும் சரிபார்க்கணும். ஷாஃப்டில் 20 சென்டிமீட்டர் கம்பி கட்டி, நுனியில் மீன் தராசு மாட்டி இழுங்கள். 200 கிராமில் அசைய ஆரம்பித்தால் 4 கிலோகிராம்-செ.மீ. 3க்கும் 5க்கும் நடுவே இருந்தால் போதும். லாக் நட்டை இறுக்கியபின் திரும்ப அளக்கணும், நட் இறுகும்போது அளவு மாறும். பிறகு செக்டரைப் போட்டு, நடுவில் நிறுத்தி, மேல் ஸ்க்ரூவை மெதுவாகத் திருகி, நடுவைத் தாண்டும்போது 8 முதல் 11 வரும்படி வைக்கிறேன். புத்தகம் கையில் இருந்தால் அதில் உள்ள எண்ணே முதல். அப்புறம் முழுதும் இரு பக்கமும் சுற்றுங்கள். நடுவைவிட வேறெங்கும் இறுக்கமாக இருக்கக் கூடாது. இருந்தால் நடு தேய்ந்த பாக்ஸ், ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொஞ்சம் ஆட்டத்தை ஏற்றுக்கொள்வதுதான் வழி.

ரங்கூன் அலைன்மெண்ட்

தவுங்கூக்காரர் சொன்ன இரண்டு விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. காலி வண்டியில் அலைவது, வலது பக்கம் இழுப்பது. இரண்டும் மூட்டு மாற்றினால் முழுசாகப் போகாது.

கூடுதல் பட்டை போட்டதால் பின்பக்கம் தூக்கி நிற்கிறது. வீல்பேஸ் 2.6 மீட்டர் என்று வையுங்கள், பின்னால் 5 சென்டிமீட்டர் தூக்கினால் சேசிஸ் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் முன்னால் சாய்கிறது, காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாயும் கோணம்) அவ்வளவும் குறைகிறது. காஸ்டர் குறைந்தால் வண்டி நேராகப் பிடித்துப் போகாது. ஆள் ஏறிப் பின்னால் அமுங்கியதும் காஸ்டர் திரும்பக் கிடைக்கிறது, ஆகவே அடங்குகிறது. வழி: முன்பக்க உயரத்தை டார்ஷன் பாரில் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியில்) சரிசெய்து, பிறகு மேல் ஆர்மின் ஷிம்மில் காஸ்டர் எடுக்கணும். இரண்டு போல்ட்டிலும் சமமாக ஷிம் மாற்றினால் கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) மாறும், ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போட்டால் காஸ்டர். வழக்கமாக ஓடும் சுமையில் பாதியை ஏற்றி அளப்பது லைன் காருக்குப் பொருத்தம்.

இழுப்பு. நம் ரோடு நடுவில் மேடு, வலது ஓரம் சரிவு. காஸ்டர் குறைவான பக்கத்துக்கு வண்டி இழுக்கும். ஆகவே வலது சக்கரத்துக்கு இடதைவிட அரை டிகிரி அதிக காஸ்டர் கொடுத்தால் சரிவை ஈடுகட்டும். இடது பக்கம் ஓடும் நாட்டில் இதே வேலையை எதிர்ப்பக்கம் வைப்பார்கள். அங்கே பார்த்த அலைன்மெண்ட்டோடு இறங்கிய வண்டி இங்கே ஓரத்துக்கு இரட்டிப்பாக இழுக்கலாம். ஷிம்மைத் தொடுமுன் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இழுப்பு பக்கம் மாறினால் குற்றவாளி டயர்.

டோ-இன் அளக்க மெஷின் இல்லாவிட்டாலும் முடியும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக்கொண்டே டயர் நடுவில் சாக்கட்டி தேய்த்து, ஒரு பலகையில் அடித்த ஆணியை அசையாமல் பிடித்து மெல்லிய கோடு கீறுங்கள். இறக்கி, முன் பம்பரை அமுக்கி அமுக்கி விட்டு, வண்டியை நாலடி முன்னால் தள்ளுங்கள். பின்னால் தள்ளினால் மூட்டுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து அளவு மாறும். ஹப் உயரத்தில் முன்பக்கம் கோட்டுக்குக் கோடு, பின்பக்கம் கோட்டுக்குக் கோடு. ரேடியல் டயருக்கு முன்பக்கம் 1 முதல் 3 மில்லி குறைவாக இருந்தால் போதும்.

தவுங்கூ லைன்

ஐட்லர் கிரீஸ் வகைதான். பிரான்ஸ் புஷ் கடையக் கொடுத்தாச்சு, டை ராட் எண்ட் நாலும் புதுசு வாங்கியாச்சு, டேப்பர் கோடு சரியாக அழிகிறது. பாக்ஸ் ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் ஸ்டியரிங் திரும்பி வருகிறது. ஸ்டியரிங்கை நடுவில் மாட்டிப் பார்த்தால் பாக்ஸில் மட்டும் இருக்கும் ஆட்டம் ஒரு விரலுக்குள். இனி பாக்ஸைத் திறக்கணுமா?

பெகு பட்டறை

வேண்டாம். 30 மில்லிக்குள் வந்துவிட்டால் ஆயிலைப் பார்த்து மூடிவிடுங்கள். டோ வைத்தபின் டை ராட் குழாயின் கிளாம்ப் வாய், குழாயின் பிளவுக்கு நேராக இருக்கட்டும், இல்லாவிட்டால் போல்ட் இறுகினாலும் குழாய் மரையைக் கவ்வாது. கிளாம்ப் போல்ட் எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் பாருங்கள், முழுசாக ஒடித்தால் எதிலும் உரசக் கூடாது. முந்நூறு மைல் ஓடியதும் பிட்மேன் நட், ஐட்லர் பிராக்கெட் போல்ட், பாக்ஸ் போல்ட் மூன்றையும் ஒருமுறை டார்க் பார்த்துவிடுங்கள். ஐட்லருக்கு கிரீஸ், மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பழைய கிரீஸ் வெளியே வரும் வரை.